ஆறு ஓவியம் போதும்: ஐரோப்பிய நிலக்காட்சிகளைப் பார்க்கக் கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

மியூசியத்தில் நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது திருப்பதி ஜருகண்டி தரிசனம்தான், ஒரே வித்தியாசம், இங்கே யாரும் பின்னாலிருந்து தள்ளுவதில்லை, நாமே நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறோம். படத்தின்மேல் ஒரு பார்வை, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை அதைவிட அதிக நேரம் படிப்பது, ஒரு செல்ஃபி, அடுத்த படம். இப்படி முந்நூறு படம் பார்த்துவிட்டு வெளியே வருபவரிடம் எந்தப் படத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் முழிப்பார். 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியங்களை இப்படிப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சாது, ஏனென்றால் அவற்றில் கதை கிடையாது, ராஜா ராணி கிடையாது, மரமும் மேகமும் தண்ணீரும்தான். அவற்றில் எல்லாமே வெளிச்சத்தில்தான் நடக்கிறது, அதைப் பிடிக்க நேரம் வேண்டும்.

இதை நான் எழுதுவது இரண்டு வகையானவர்களுக்கு. லண்டனில் நர்ஸாக இருக்கும் அக்கா வீட்டுக்கோ, ஜெர்மனியிலோ பிரான்சிலோ படிக்கும் பையனைப் பார்க்கவோ போகிறவர்கள் ஒரு வகை. வேலூரில் இப்படி ஒருவராவது இல்லாத தெரு இப்போது குறைவு. விசா எடுக்க வழியில்லை, ஆனால் ஓவியம் பிடிக்கும், வரையவும் ஆசை, ரயில் ஏறிப் போகும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் முதல் வேலை ஒன்றுதான், அதற்கு டிக்கெட்டே வேண்டாம்.

முதலில் ஊர் மலையைப் பாருங்கள்

கோட்டைக்கு வெளியே அகழி ஓரமாக நின்று கிழக்கே இருக்கும் மலைகளைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் மலை முழுவதும் ஒரே கருநீலத் தட்டையாக, வெட்டி ஒட்டியது மாதிரி நிற்கும், பாறையும் பள்ளமும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு வெயில் நேராக மலைமுகத்தில் விழும்போது ஒவ்வொரு ஓடையும் ஒவ்வொரு உருண்டைப் பாறையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மலை அதேதான், வெளிச்சம் மாறிவிட்டது. இந்த வித்தியாசத்தை நம் ஊரில் கண்ணால் பிடித்துவிட்டால், பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களையே ஏன் 1890–91இல் திரும்பத் திரும்ப ஏறக்குறைய 25 கேன்வாஸில் வரைந்தார் என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அகழித் தண்ணீர். தண்ணீரில் விழும் பிம்பம் மேலே இருப்பதன் அச்சு அசல் நகல் இல்லை. வெளுப்பானது தண்ணீரில் கொஞ்சம் மங்கும், கருப்பானது கொஞ்சம் வெளுக்கும். கோட்டைச் சுவரையும் அதன் பிம்பத்தையும் மாறி மாறிப் பாருங்கள், தெரியும். ஆறு, குளம், துறைமுகம் என்று தண்ணீர் இல்லாத 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி குறைவு, அதனால் இந்த ஒரு விஷயம் கையில் இருந்தால் பாதிப் படங்களில் உங்களுக்கு வேலை கிடைக்கும்.

மூன்றாவது பயிற்சி ரயிலில். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகும்போது இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் பழுப்புப் பாறைக்குன்று, அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை வரிசை, ஒவ்வொன்றும் முன்னதைவிட நீலமாகவும் வெளுப்பாகவும் ஓரம் மங்கியும் இருக்கும். நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருவது இது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் நீலம் குறைந்து மலை கிட்ட வந்து நிற்கும். மே மாத மதியத்தில் மலையே காணாமல் போகும். ஓவியர்கள் தூரத்தைக் காட்டப் பயன்படுத்திய முக்கியமான தந்திரமே இதுதான், அளவைச் சிறிதாக்குவதெல்லாம் அப்புறம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் கண் நம்மை ஏமாற்றும். ஐரோப்பிய ஓவியங்களில் அந்தப் பொன்னிற வெளிச்சமும் நீளநீளமான நிழலும் படத்துக்குப் படம் வருவதைப் பார்த்து, சும்மா அழகுக்காகக் கூட்டி வரைந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. டிசம்பர் 21ஆம் தேதி உச்சி வேளையில் வேலூரில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே நாளில் லண்டனில் சுமார் 15 டிகிரிதான். ஜூன் மாதத்தில் அங்கே அது ஏறக்கூடிய அதிகபட்ச உயரமே 62 டிகிரி சுமார், அதாவது நம் மார்கழி வெயிலைவிடக் கொஞ்சம்தான் மேல். நமக்கு ஆறரை மணிக்கு அந்தி வந்து ஏழுக்குள் இருட்டிவிடும், அங்கே கோடையில் அந்தி இழுத்துக்கொண்டே போகும். அந்த ஓவியர்களுக்கு மாலை வெளிச்சத்தைப் படிக்க நம்மைவிட நிறைய நேரம் கிடைத்தது.

விசா இல்லாமல் பார்க்கக் கிடைப்பவை

பக்கத்தில் இருப்பது சென்னை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவி வர்மா ஓவியங்கள் இருக்கின்றன. அவர் ஐரோப்பியர் இல்லைதான், ஆனால் ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் 19ஆம் நூற்றாண்டில் வரைந்தவர், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் நேரில் எப்படி இருக்கும் என்று பழக இது போதும். முன்னால் இருக்கும் பெண்ணையும் புடவையையும் விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் மரம், வானம், சுவர் இவற்றை மட்டும் பாருங்கள். பிரஷ் எங்கே அவசரமாக ஓடியிருக்கிறது, எங்கே பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. கேலரிகள் பராமரிப்புக்காக மூடியிருப்பதும் உண்டு, அதனால் கிளம்பும் முன் போன் போட்டு எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அதே சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் டேனியல் வகையறாவின் அச்சு ஓவியங்கள் இருக்கின்றன. இதுவும் வெள்ளிக்கிழமை கிடையாது. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1786இல் இந்தியா வந்த ஆங்கில ஓவியர்கள். திரும்பிப் போய் 1795 முதல் 1808 வரை 144 அக்வாடின்ட் அச்சுகளை, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுகளை, வெளியிட்டார்கள். 1792–93இல் தெற்கே சுற்றியபோது பாராமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) மலைக்கோட்டைகளை வரைந்தார்கள், ராயக்கோட்டை அதில் ஒன்று. நமக்கு இது பக்கத்து ஊர். இன்றைய திருப்பத்தூர்கூட அந்தப் பாராமகாலில் சேர்ந்ததுதான். இணையத்தில் அந்த அச்சைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, ராயக்கோட்டைக்குப் போய் அதே மலையின் ஓரக்கோட்டை உங்கள் நோட்டில் வரைந்து ஒப்பிட்டால், ஓவியர் எங்கே சரிவைக் கூட்டினார், எங்கே ஒரு மரத்தைக் கொண்டுவந்து முன்னால் நட்டார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். லண்டனுக்குப் போனவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

டேனியல்களின் எண்ணெய் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தா விக்டோரியா நினைவகம். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்களால் காட்பாடியிலிருந்து ஹவுரா போகும் ரயில்கள் எப்போதும் நிரம்பி வழியும், ரிசர்வேஷனை சீக்கிரமே போட்டுவிடுங்கள். காந்தி ரோடு பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு வங்காளம் கொஞ்சம் தெரியும் என்பதால் அவர்களில் ஒருவரோடு போனால் ஆட்டோ பேரமும் சுலபம். கேலரிகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய ஓவியங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, அது வெள்ளிக்கிழமை மூடல். மற்ற பொருட்களின் கூட்டத்தில் ஓவியப் பகுதி அங்கே கவனம் சிதறிப் போகும் இடம், நேராக அதற்கே போய்விடுங்கள்.

லண்டன், பாரிஸ் போகிறவர்கள்

லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி, டேட் பிரிட்டன், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்றுமே இலவசம், சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். இலவசம் என்பதன் உண்மையான லாபம் பணம் இல்லை, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய் இரண்டு நாள் கழித்து அதே படத்துக்கே திரும்பி வரலாம் என்பதுதான். நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் போனபிறகு நிற்க இடம் கிடைக்கும். பாரிஸில் ஆர்சே அருங்காட்சியகம்; 1900ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் மியூசியமாகத் திறந்தார்கள். திங்கள் விடுமுறை, வியாழன் இரவு நேரமும் உண்டு, மோனே, பிசாரோ, சிஸ்லே எல்லாம் மேல்தளத்தில். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் விசா தனித்தனி என்பதை அக்கா வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட வேண்டாம். பெர்லின், ஹாம்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் இருக்கிறார், அவருடைய கடலோரத் துறவி ஓவியத்தில் வானம் எவ்வளவு, மற்றதெல்லாம் எவ்வளவு என்று அளந்து பார்த்தாலே அன்றைய பாடம் முடிந்தது.

கிளம்பும் முந்தின இரவு அந்த மியூசியத்தின் தளத்தில் ஆறு படங்களைத் தேர்ந்தெடுங்கள், அவை அன்றைக்குச் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் எந்த அறை என்றும் பாருங்கள். புகழ்பெற்ற படங்கள் வேறு ஊர்க் கண்காட்சிக்குக் கடன் போவது சகஜம். ஆறுக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம், கால் வலிக்கும் முன்பே கண் ஓய்ந்துவிடும்.

படத்தின் முன்னால்

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெயின்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தை வைத்துச் சொல்கிறேன், நேஷனல் கேலரியில் இருப்பது, 1821இல் வரைந்தது, ஏறக்குறைய ஆறடி அகலம். சீட்டைப் படிக்காதீர்கள். முதலில் படத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் எல்லாம் கரைந்து, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்ற பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். இடதுபக்கம் வீடும் மரமும் சேர்ந்து ஒரு கனமான இருட்டு, வலதுபக்கம் தூரத்தில் வெயில் விழுந்த புல்வெளி ஒரு வெளிச்சப் பட்டை, மேலே மேகம். இதைத் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் பென்சிலால் மூன்றே அழுத்தத்தில் கிறுக்குங்கள்: கருப்பு, நடுத்தரம், வெள்ளை. வரையத் தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம், இது யாரிடமும் காட்டுவதற்கு இல்லை, கிறுக்கும்போதுதான் கண் வேலை செய்யும்.

அடுத்து பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் ஓவியருக்கு வானம்தான் முக்கியம், மேலே ஏறினால் தரை. கான்ஸ்டபிள் காற்றாலையும் வைத்திருந்த மாவு ஆலைக்காரர் மகன், காற்றும் மேகமும் அவர்கள் வீட்டுப் பிழைப்பு. 1821, 22இல் ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து மேகங்களை மட்டும் வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதி வைத்தார். அதனால் அவர் மேகத்தைப் பின்திரையாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். மேகத்தின் நிழல் தரையில் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடுங்கள், அந்த வெயில் பட்டை ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

பிறகு கிட்டே போங்கள், கயிறோ கோடோ அனுமதிக்கும் அளவுக்கு. தண்ணீரிலும் இலையிலும் வெள்ளை வண்ணத்தைச் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெறித்த மாதிரி வைத்திருப்பார். அந்தக் காலத்து விமர்சகர்கள் இதைப் பனி என்று கிண்டல் செய்தார்கள், பத்தடி பின்னால் வந்தால் அதுவே ஈரத்தின் மினுமினுப்பு. குதிரைகளின் சேணத்தில் இருக்கும் சிவப்பைத் தேடுங்கள். படம் முழுக்கப் பச்சையும் பழுப்பும் இருக்க, அந்தச் சின்னச் சிவப்புதான் பச்சையை உயிரோடு வைத்திருக்கிறது. கட்டைவிரலை நீட்டிச் சிவப்பை மறைத்துப் பாருங்கள், படம் சப்பென்று ஆகிவிடும். பச்சையைப் பச்சையாக வரைந்ததே அன்றைக்குப் பெரிய விஷயம். பழைய ஓவியங்களின் பழுப்பேறிய வார்னிஷைப் பார்த்துப் பழகியவர்கள் நிலக்காட்சி என்றால் பழைய வயலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று நம்பினார்கள், அப்படிச் சொன்ன ஒருவருக்கு கான்ஸ்டபிள் பதில் பேசாமல் ஒரு வயலினைப் புல்தரையில் கொண்டுபோய் வைத்துக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. 1824இல் இந்தப் படம் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது.

இனி பக்கவாட்டில் நின்று, விளக்கு வெளிச்சம் கேன்வாஸின்மேல் சாய்வாகப் படும் கோணத்தில் பாருங்கள், வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது மேடு பள்ளமாகத் தெரியும். போனில், புத்தகத்தில், எவ்வளவு பெரிதாக்கினாலும் கிடைக்காதது இதுதான். கடைசியில் சீட்டைப் படியுங்கள். நேரம் இருந்தால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதே ஓவியத்துக்கு அவர் முழு அளவில் செய்த முன்வரைவு இருக்கிறது, அதையும் பாருங்கள். எனக்கு முடித்த ஓவியத்தைவிட அந்த முரட்டு வரைவுதான் பிடிக்கும்.

அடுத்து இன்னொரு ஆங்கில ஓவியர் டர்னர், அதே நேஷனல் கேலரி, 'மழை, நீராவி, வேகம்', 1844. மெய்டன்ஹெட் பாலத்தின்மேல் மழையில் ரயில் வருகிறது. இங்கே ஓரக்கோடுகளைத் தேடாதீர்கள், எது கெட்டியாக இருக்கிறது, எது கரைகிறது என்று மட்டும் பாருங்கள்: எஞ்சினின் புகைபோக்கி கருகருவென்று நிற்கும், ஆறும் கரையும் மழையில் கலைந்து போயிருக்கும், ஆற்றில் ஒரு படகு இருப்பதே சற்று நேரம் கழித்துத்தான் தெரியும். ரயிலுக்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது, இன்று அது கண்ணுக்கு அரிதாகத்தான் தட்டுப்படுகிறது. நம்மவர்கள் இந்தப் படத்தின் முன் நிற்கும்போது ஒரு கணக்குப் போடலாம். இதற்குப் பன்னிரண்டே வருடம் கழித்து, 1856 ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை வந்தது. பாலாற்றுப் பக்கத்து ஆட்கள் முதன்முதலாக அந்தப் புகையைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்களோ, அதை வரைய இங்கே ஒரு டர்னர் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் வந்தால் வேறு கேள்வி கேளுங்கள்: இதை வெளியில் உட்கார்ந்து வரைந்தாரா, அறைக்குள் முடித்தாரா? 1841இல் ஜான் ராண்ட் என்பவர் தகர டியூபுக்கு காப்புரிமை வாங்கும்வரை அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள், குத்தித் திறந்தால் மறுபடி சரியாக மூட முடியாது, காட்டுக்கும் வயலுக்கும் தூக்கிப்போகப் பெரிய தொல்லை. டியூபும், 1849இல் பாரிஸிலிருந்து ஃபோன்தேன்ப்ளோ காட்டுப் பக்கம் வரை வந்த ரயிலும் சேர்ந்து ஓவியர்களை வெளியே கூட்டிவந்தன. வெளியில் வரைந்த படத்தில் கேன்வாஸ் சிறிதாக இருக்கும், பிரஷ் வீச்சு அவசரமாக இருக்கும், நிழலுக்குள் கருப்புக்குப் பதில் நீலமோ ஊதாவோ இருக்கும். ஆர்சேயில் மோனேயின் ரூவான் தேவாலய ஓவியங்களில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கட்டடத்தை மறந்துவிட்டு, எந்த நேரம் என்று மட்டும் ஊகியுங்கள். ஊர் மலையைக் காலையும் மாலையும் பார்த்த கண்ணுக்கு இது கஷ்டமில்லை.

வாட்டர்கலர் அறைகள் மங்கலாக இருக்கும். விளக்கு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் அந்த வண்ணம் வெளுத்துவிடும் என்பதால் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கண் பழகும்.

பை, போன், பென்சில்

பேக்பேக்கை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் அல்லது கிளோக் ரூமில் கொடுத்துவிடுங்கள், பெரிய பைகளைச் சில இடங்களில் விடவே மாட்டார்கள், தண்ணீர் பாட்டிலையும் அப்படித்தான். பேனா வேண்டாம், 2பி பென்சில், சின்ன நோட்டு, அது போதும். ஃபிளாஷ் போடக் கூடாது என்பது தெரிந்ததுதான். போன் கேமரா மஞ்சளையும் நீலத்தையும் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்துவிடும், அதனால் நிறத்தைப் பற்றி நோட்டில் வார்த்தையில் எழுதுங்கள், "தூரத்து மலை, வெளுத்த கத்திரிப்பூ நிறம்" என்பது போட்டோவைவிட நம்பகமானது. போட்டோ எடுத்தால் உடனே சீட்டையும் ஒரு போட்டோ, இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து எது யாருடையது என்று குழம்புவீர்கள். சென்னையில் காவலரிடம் "அண்ணே, உட்கார்ந்து வரையலாமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், கேட்டால் பெரும்பாலும் அவரே நல்ல இடம் காட்டுவார்.

அன்றைக்கு ராத்திரியே ஆறு தீப்பெட்டிக் கிறுக்கல்களையும் எதிரில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதிவிடுங்கள்: சூரியன் எங்கே, தொடுவானம் எங்கே, கண் முதலில் எங்கே போனது. மறுநாள் எழுதலாம் என்று வைத்தால் ஆறும் ஒரே படமாகக் கலந்துவிடும்.

இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு டேட் பிரிட்டனில் ஒரு வசதி இருக்கிறது. டர்னர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வாட்டர்கலர்களும் ஸ்கெட்ச் நோட்டுகளும் சுவரில் மாட்டப்படாமல் அங்கேதான் இருக்கின்றன, முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால் படிப்பறையில் மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள், பெரிய பேராசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை. எந்த எண்ணுள்ள தாள் வேண்டும் என்பதை அவர்கள் தளத்தில் தேடிக் குறித்து மின்னஞ்சலில் கேளுங்கள், பயணத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே கேளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், மேசைக்கு உட்காரும் முன் கை கழுவிக்கொள்ளுங்கள்.